ஃபிரிட்ஜுக்குக் காய்ச்சல் இல்லை

ஆஸ்பத்திரி வாசல் இன்னும் திறக்கவில்லை. வரிசை மட்டும் தெருமுனைச் செருப்புக் கடையைத் தாண்டிவிட்டது. செருப்புக் கடைக்காரர் புத்திசாலி. கடைக்கு முன்னால் ஒரு துணிப்பந்தல் போட்டு, நிழலை இலவசமாகக் கொடுத்துச் செருப்பைக் காசுக்கு விற்றுக்கொண்டிருந்தார். நின்று நின்று கால்வலி வந்தாலும் உள்ளே அதற்கும் வைத்தியம் உண்டு. ஆகவே யாருக்கும் நஷ்டமில்லை.

இத்தனைக்கும் அது டாக்டர்கள் நடத்துகிற ஆஸ்பத்திரிதான். மாமனார் பெரிய டாக்டர், மருமகன் சின்ன டாக்டர். இரண்டு பேரும் கண் எரிய எரியப் படித்துப் பட்டம் வாங்கி, அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். கூட்டம் அந்தப் பட்டங்களைப் பார்த்து வரவில்லை. நடைக்கோடியில், முன்பு ஊசி போடும் அறையாக இருந்த இடத்தில், சுழல்நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கைராசியாரைப் பார்க்க வந்தது. சின்ன டாக்டர் தன் அறையில் ஸ்டெதஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டிருப்பார். துடைத்து முடித்ததும் மறுபடியும் துடைப்பார்.

கைராசியார் என்ன படித்தவர் என்று கேட்கிறீர்களா? வரிசையில் நின்று இப்படிக் கேட்டிருந்தால் உங்களைச் செருப்புக் கடை வரைக்கும் தள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். எடை பார்க்கும் இயந்திரம் விற்க வந்தவர் அவர். ஒரு நாள் பெரிய டாக்டருக்காகக் காத்திருந்தபோது, பக்கத்தில் காய்ச்சலோடு உட்கார்ந்திருந்த ஒருவருடைய நெற்றியில் கைவைத்து, “கவலைப்படாதீங்க, சரியாயிடும்” என்றார். சரியாகிவிட்டது. அந்த மனிதர் அரை மணிக்கு முன்னால்தான் மாத்திரை விழுங்கியிருந்தார் என்பது வரலாற்றில் இடம்பெறவில்லை. மாத்திரைக்குக் கை கிடையாது, எனவே கைராசியும் கிடையாது. பேர் முழுவதும் கைக்கே போய்ச் சேர்ந்தது.

அதோடு அவர் எடை இயந்திரம் விற்பதை விட்டுவிட்டார். ஜனங்களுடைய எடையைப் பார்ப்பதைவிட அவர்களுடைய பையின் எடையைக் குறைப்பது சுலபம் என்று கண்டுகொண்டார்.

வைத்தியம் நடக்கிற முறை இது. நெற்றிக்கு நேரே பிடித்துக் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கி இருக்கிறதே, அதில் இங்கே இரண்டு உண்டு. ஒன்று வெள்ளை, ஒன்று பச்சை. முதலில் வெள்ளையால் பார்ப்பார்கள். காய்ச்சல்காரர் என்றால் நூற்றிரண்டு என்று காட்டும். கூட்டம் “அடப்பாவமே” என்னும். பிறகு கைராசியார் கண்ணை மூடி நெற்றியைத் தொடுவார். உடனே பட்டுப் பையிலிருந்து பச்சைத் துப்பாக்கி வெளியே வரும். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு என்று காட்டும். கூட்டம் “அடேயப்பா” என்னும். தொடுவதற்குக் கட்டணம் இல்லை. தொட்ட பலன் உடம்பைவிட்டு ஓடிவிடாமல் இருக்க மணிக்கட்டில் கட்டுகிற பச்சை நாடாவுக்குத்தான் கட்டணம். அது ஒரு நாளுக்குத்தான் தாங்கும்.

எதற்கு இரண்டு துப்பாக்கி என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் ஒரே ஒரு தடவை கேட்டார். கைராசியார் புன்னகை செய்தார்.

“நோயைப் பார்த்த கண்ணு குணத்தைப் பார்க்கக் கூடாது, வாத்தியாரே.”

வாத்தியாருக்குப் பதில் தோன்றவில்லை. அர்த்தமே இல்லாத பேச்சுக்கு என்ன பதில் சொல்வது? வாத்தியார் தோற்றுப்போனார் என்று வரிசை முடிவுகட்டிவிட்டது.

இரண்டு துப்பாக்கிகளையும் பிடிக்கிற பொறுப்பு வரவேற்பு மேசையில் இருந்த டோக்கன் அக்காவுடையது. அவளைவிட மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டோக்கன் அவள் கையில் இருந்ததல்லவா? வெள்ளையால் அவள் படிக்கும்போது குரல் தழுதழுக்கும், பச்சையால் படிக்கும்போது கணீரென்று ஏறும். நடிப்பு அல்ல. அவள் மனதார நம்பினாள். ஏமாற்றுகிறவனுக்கு நூறு கையாள்களைவிட மனதார நம்புகிற ஒரே ஒரு ஆள் லாபம்.

அவளுக்கு ஆறு வயதில் ஒரு மகள். பாப்பாவுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். இல்லை, இல்லை, தப்பாகச் சொல்லிவிட்டேன். பாப்பாவுக்குக் காய்ச்சல் கிடையாது. கைராசியார் தினமும் தொட்டுவிட்டார், பச்சையில் தினமும் நார்மல் வந்துவிட்டது, மணிக்கட்டில் நாடா ஏறிக்கொண்டே இருந்தது. ஆனாலும் பிள்ளை சாப்பிடவில்லை, எழுந்து உட்காரவில்லை, இருமும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று காலையில் அவள் புருஷன் வேலைக்குக் கிளம்பும்போது பிள்ளையின் கழுத்தில் கைவைத்துப் பார்த்தான். வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறவன்.

“அனலாக் கொதிக்குதேடி. சின்ன டாக்டர்கிட்டக் காட்டேன்.”

“ஐயா தொட்டாச்சுங்க. பச்சையில நார்மல் வந்தாச்சு. காய்ச்சல் போயிடுச்சு. உடம்புதான் சுடுது.”

“சுடுறதுதாண்டி காய்ச்சல்!”

“சுடுறது வேற, காய்ச்சல் வேற. அதெல்லாம் பட்டறையில சொல்லித் தர மாட்டாங்க.”

“இரும்பு சுட்டா எனக்குத் தெரியுது. நான் பெத்தது சுட்டாத் தெரியாதா?” அவன் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான். “உன் கையால தொட்டுச் சொல்லு பார்ப்போம்.”

அவள் தொடவில்லை. தொட்டால் என்ன தெரியும் என்று அவளுக்குத் தெரியும். பயமாக இருந்தது. தினம் ஊருக்கே நார்மல் என்று அறிவிக்கிறவள் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சின்ன டாக்டர் அறைக்குள் நுழைந்தால், பார்த்துக்கொண்டிருக்கிற வரிசை என்ன பேசும்? இந்த வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே பிள்ளை. அவள் பாப்பாவைப் போர்வையில் சுற்றி ஆஸ்பத்திரிக்கே தூக்கி வந்து, மேசைக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் படுக்கவைத்தாள்.

அன்று பார்த்துத்தான் ஆய்வு.

ஆஸ்பத்திரிகளின் தரத்தையும் பாதுகாப்பையும் பார்க்கிற அலுவலகத்திலிருந்து ஆள் வரப்போகிறது என்று முந்தின வாரமே தகவல் வந்திருந்தது. பெரிய டாக்டருக்கு வியர்த்துவிட்டது.

“என்னென்ன பார்ப்பாங்க மாப்பிள்ளை?”

“தீயணைக்கிற சிலிண்டர், மருந்தோட தேதி, தடுப்பூசி ஃபிரிட்ஜ், கை கழுவுற இடம், அவசர வழி. எல்லாத்துக்கும் முன்னாடி, மாமா, ஊசி ரூம்ல உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்ப்பாங்க. அவரை அனுப்பிடுங்க.”

“அவரை அனுப்பினா அவர் பின்னாலயே கூட்டமும் போயிடுமே.”

“மாமா, நீங்க அந்த ஆளை நம்பறீங்களா?”

“சேச்சே. நான் படிச்சவன்யா” என்றார் பெரிய டாக்டர். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் வளர்க்கவில்லை. மருமகனும் வளர்க்கவில்லை. மாமனார் ஆஸ்பத்திரியில் மருமகன் குரல் எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் உயர்ந்தது.

சங்கதி கைராசியார் காதுக்குப் போயிற்று. அவர் பதறவில்லை.

“இதுக்குப் போயா கவலை? எல்லாத்தையும் நான் தொட்டுக் குடுத்துடறேன்.”

தொட்டார். தீயணைக்கும் சிலிண்டரைத் தொட்டார். மருந்து அலமாரியைத் தொட்டார். ஃபிரிட்ஜை முன்னும் பின்னும் தொட்டார். தொட்ட ஒவ்வொன்றிலும் ‘தொட்டாச்சு’ என்று அச்சடித்த வட்டமான பச்சை ஸ்டிக்கரை டோக்கன் அக்கா ஒட்டிக்கொண்டே பின்னால் போனாள். சின்ன டாக்டர் அறைக் கதவிலும் ஒன்று விழுந்தது. அவர் வெளியே வந்து அதைப் பார்த்தார். உள்ளே போய் ஸ்டெதஸ்கோப்பைத் துடைத்தார்.

ஆய்வாளர் வந்தார். காரில் வருவார், பின்னால் நாலு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தால், தோளில் ஒரு துணிப்பையோடு நடந்து வந்தாள் ஓர் அம்மாள். நரைத்த தலை, அகலமான செருப்பு. முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அந்த முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“ஆய்வுக்கு வந்திருக்கேன். இடத்தைச் சுத்திக் காட்டுங்க.”

பெரிய டாக்டர் கையைப் பிசைந்துகொண்டு முன்னால் வந்தார். “முதல்ல ஒரு டீ சாப்பிடுங்க, மேடம்.”

“வரட்டும்” என்றாள் ஆய்வாளர். நடக்கத் தொடங்கிவிட்டாள். டோக்கன் அக்கா கூடவே ஓடினாள். வரிசையில் நின்றவர்களும் வேடிக்கை பார்க்க உள்ளே நெருக்கியடித்து வந்தார்கள்.

“இந்தச் சிலிண்டரைக் கடைசியா எப்ப சோதிச்சாங்க?”

“தொட்டாச்சு மேடம்.”

“யாரு?”

“ஐயாதான்.”

“ஐயா தீயணைப்பு ஆளா?”

“இல்ல மேடம். காய்ச்சலை அணைக்கிறவரு.”

ஆய்வாளர் தலையை ஆட்டிக்கொண்டாள். அடுத்தது மருந்து அலமாரி. ஒரு புட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“காலாவதித் தேதி எங்க இருக்கு?”

“ஸ்டிக்கருக்கு அடியில மேடம்.”

“அடியில இருக்கிற தேதி முடிஞ்சுபோச்சுன்னா?”

“அதுக்குத்தானே மேடம் மேல தொட்டிருக்கு.”

கூட்டத்தில் ‘ஆமாமா’ என்று ஒரு முனகல் எழுந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். ஒரு மருந்து அலமாரியையே ஒரு வட்டக் காகிதத்தால் மறைத்தவர்களை இங்கேதான் பார்க்கிறோம்.

நடைக்கோடிக்கு வந்தார்கள். ஊசி அறை வாசலை ஒட்டித் தடுப்பூசி ஃபிரிட்ஜ் நின்றது. உள்ளே கைராசியாரின் நாற்காலிக்குப் பின்னால் கலர் கலராகச் சின்ன பல்புகள் ஓடி ஓடி மின்னிக்கொண்டிருந்தன. கைராசியார் கண்ணை மூடியிருந்தார். ஆனால் ஒரு கண்ணை முழுசாக மூடவில்லை.

“இந்த ஃபிரிட்ஜுக்குள்ள சூடு எவ்வளவுன்னு தினம் யார் பார்க்கறது?”

“நான்தான் மேடம்!” டோக்கன் அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. நர்ஸ் வேலையை விட்டுப் போனதிலிருந்து அது அவள் பொறுப்பு. ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை.

“எப்படிப் பார்ப்பீங்க?”

அவள் பட்டுப் பையை அவிழ்த்தாள். பச்சைத் துப்பாக்கியை எடுத்தாள். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து, தடுப்பூசிப் புட்டிகளின் நெற்றிக்கு நேரே பிடித்து, விசையை அழுத்தினாள்.

“தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு! நார்மல் மேடம்! தினமும் இதேதான். ஒரு நாளும் கூடினதும் இல்ல, குறைஞ்சதும் இல்ல. இந்த ஃபிரிட்ஜுக்குக் காய்ச்சலே வந்ததில்ல.”

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். சின்ன டாக்டர் அறைக் கதவு மெதுவாகத் திறந்தது.

“மனுஷனுக்குத்தான்மா தொண்ணூத்தெட்டு நார்மல்” என்றாள் ஆய்வாளர். “ஃபிரிட்ஜ் அந்தச் சூட்டுல இருந்தா அதுக்குப் பேரு அலமாரி.”

அவள் உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருக்கவேண்டிய இடம் வெதுவெதுவென்று இருந்தது. கதவில் பதித்திருந்த வெப்பமானியின் கண்ணாடிமேல் ஒரு ஸ்டிக்கர். தொட்டாச்சு. குனிந்து வயரைப் பிடித்துக்கொண்டே போனாள். ஃபிரிட்ஜின் பிளக் தரையில் கிடந்தது. அது மாட்டியிருக்கவேண்டிய இடத்தில் கலர் பல்புகளின் பிளக் மாட்டியிருந்தது.

“இது எப்பயிருந்து?”

“ஐயா வந்ததுலேருந்து மேடம். அவருக்குப் பின்னால ஒளி இருக்கணும்னு சொன்னாரு.”

“அதுக்கப்புறமும் இதிலிருந்து எடுத்துக் குழந்தைங்களுக்குப் போட்டிருக்கீங்களா?”

இந்தக் கேள்வி பெரிய டாக்டருக்கு. அவர் துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.

நல்ல சமயம் பார்த்து டீ வந்தது. ஆவி பறக்கிற டீ. ஆய்வாளர் டம்ளரை வாங்கி ஃபிரிட்ஜின் தலைமேல் வைத்தாள்.

“அந்தப் பச்சையை இதுக்கு நேரா ஒரு தடவை பிடிங்க.”

டோக்கன் அக்கா பிடித்தாள். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. சுவரில் பிடிக்கச் சொன்னாள். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. செருப்பில், பெரிய டாக்டரின் வழுக்கையில், மின்விசிறியில் பிடிக்கச் சொன்னாள். எல்லாம் பரிபூரண ஆரோக்கியம்.

இந்த இடத்தில் கூட்டத்துக்குக் கோபம் வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? நீங்கள் நம் ஜனங்களை ரொம்பக் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். கேழ்வரகில் நெய் வடிகிறது என்று சொன்னால், பாத்திரம் கொண்டு வந்து பிடிக்கிற பரம்பரை. மூட்டுவலிக்காகத் தினமும் முதல் ஆளாக வந்து நிற்கிற பெரியவர் ஒருவர் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிவிட்டார்.

“பார்த்தீங்களா! ஐயா இருக்கிற இடத்துல டீக்குக்கூடக் குணமாயிடுச்சு!”

“அப்படியா?” ஆய்வாளர் டம்ளரை எடுத்து அவரிடமே நீட்டினாள். “குணமான டீ. குடிங்க.”

மூட்டுவலிக்காரர் ஒரு வாய் உறிஞ்சினார். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு குதித்தார். மூட்டுவலி உள்ளவர் அவ்வளவு உயரம் குதிப்பது அதிசயந்தான். கைராசியாரின் கணக்கில் அதை வரவு வைத்துக்கொள்ளலாம்.

“என்ன, சுடுதா?”

“சுடுது... ஆனா அது வேறம்மா.” அவர் நாக்கை ஊதிக்கொண்டே விளக்கினார். “டீக்குக் காய்ச்சல் இல்ல. சும்மா சுடுது, அவ்வளவுதான். சுடுறது வேற, காய்ச்சல் வேற.”

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு இன்னொருவர். டோக்கன் அக்கா சிரிக்கவில்லை. அவளுடைய சொந்த வார்த்தை. காலையில் அடுப்படியில் நின்று புருஷனிடம் அவள் சொன்ன அதே வார்த்தை, இப்போது வெந்த நாக்கோடு ஒருவர் வாயிலிருந்து வருகிறது. கேட்பதற்கு எவ்வளவு முட்டாள்தனமாக இருக்கிறது! தன் வாயிலிருந்து வந்தபோது மட்டும் அது ஏன் அறிவாகத் தெரிந்தது?

அவள் திரும்பி நடந்தாள். நடை ஓட்டமானது. பெஞ்சில் சுருண்டு கிடந்த பாப்பாவின் நெற்றியில், ஒரு வாரத்துக்கப்புறம் முதல் முறையாகத் தன் கையை வைத்தாள்.

அய்யோ.

பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, மேசையில் கிடந்த வெள்ளைத் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஊசி அறைக்குள் போய் நின்றாள். பாப்பாவின் நெற்றியில் வெள்ளையைப் பிடித்தாள்.

“நூத்தி மூணு புள்ளி எட்டு” என்றாள். குரல் இந்தத் தடவை தழுதழுக்கவில்லை. “ஐயா, தொடுங்க.”

கைராசியார் கண்ணைத் திறந்தார். “நேத்தே தொட்டாச்சேம்மா...”

“மறுபடியும் தொடுங்க.”

தொட்டார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது தொடாமல் எப்படி இருப்பது? தொட்ட கை சுட்டதோ என்னவோ, சட்டென்று எடுத்துக்கொண்டார். வழக்கப்படி கையைப் பட்டுப் பை பக்கம் காட்டினார். “பச்சையை எடும்மா.”

அவள் பச்சையை எடுக்கவில்லை. வெள்ளையையே மறுபடி தூக்கினாள்.

“அடடா, கூடாது, கூடாது! நோயைப் பார்த்த கண்ணு குணத்தை...”

“குணம் இருந்தா அது எந்தக் கண்ணுக்கும் தெரியுமில்ல? பார்த்துடுவோம்.”

விசையை அழுத்தினாள். நூற்று மூன்று புள்ளி எட்டு. எல்லாரும் பார்க்கட்டும் என்று துப்பாக்கியைத் திருப்பிக் கூட்டத்துக்கு நேரே பிடித்தாள். முன்வரிசை எட்டிப் பார்த்தது. பின்வரிசை, “எவ்வளவாம்? எவ்வளவாம்?” என்றது.

இவ்வளவுதான் சோதனை. ஒரே துப்பாக்கியால் இரண்டு தடவை பார்ப்பது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம். இத்தனை மாதமாக இத்தனை பேர் வந்துபோன இடத்தில் யாருக்கும் அது தோன்றவில்லை. தோன்றியவருக்கும் கேட்கக் கூச்சமாக இருந்தது.

“சந்தேகப்படறவங்க பார்வை பட்டா பலன் வேலை செய்யாது” என்று கைராசியார் ஆய்வாளரைச் சுட்டிக் காட்டினார். “அந்தம்மா பார்வைதான் கெடுத்துடுச்சு!”

“என் பார்வை பட்டா உங்க கை வேலை செய்யல. சரி” என்றாள் ஆய்வாளர். “உங்க கை பட்ட இடத்துலயும் என் பார்வை நல்லாத்தான் வேலை செய்யுது.” அவள் பச்சைத் துப்பாக்கியை எடுத்துக் கைப்பிடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினாள். அடியில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.

“மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கு மட்டும்.”

கைராசியார் முகத்தில் ஈயாடவில்லை.

“சரியாத்தான் போட்டிருக்கான்” என்றாள் ஆய்வாளர். “மூணு வயசுக்குக் கீழ உள்ளது ஏமாறாது.”

அதற்குள் சின்ன டாக்டர் வந்துவிட்டார். மாமனாரைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு வந்தார் என்பதைப் பலர் பின்னால் வியந்து பேசினார்கள். பாப்பாவின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். அவ்வளவு நாள் துடைத்ததற்கு அன்றுதான் பலன் கிடைத்தது.

“நெஞ்சுல சளி கட்டியிருக்கு. நிமோனியா. இங்க வச்சுப் பார்க்க முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். என் கார் வெளிய நிக்குது, ஏறுங்க.” அவர் அவளை நேராகப் பார்க்கவில்லை. “எங்கிட்ட ஏம்மா வரல?”

“நீங்க ஏன் சார் கதவைத் திறந்துட்டு வெளிய வரல?” என்றாள் அவள்.

கார் கிளம்பியது.

கூட்டத்துக்கு இப்போதுதான் மெதுவாக உறைத்தது. நாடா கட்டிய கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. கைராசியார் பின்பக்க வழியாக நழுவினார். அது அவசர வழி. ஆபத்து வந்தால் மனிதர்கள் வெளியே ஓடுவதற்காக வைத்தது. அந்தக் கதவுக்கு முன்னால் பச்சை நாடாப் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. அடுக்கச் சொன்னவர் அவர்தான். இரண்டு பெட்டியை இழுத்தார், பத்துப் பெட்டி அவர்மேல் சரிந்தது. நாடாக்கள் கழுத்தில், காலில் எல்லாம் சுற்றிக்கொள்ள, நடுவில் உட்கார்ந்திருந்தார். அத்தனை நாடா கட்டியும் அவருக்கு ஒரு நல்லதும் நடக்கவில்லை.

“அவசர வழியில சாமான் அடுக்கக் கூடாதுன்னு இதுக்குத்தான் சொல்றது” என்றாள் ஆய்வாளர்.

பெரிய டாக்டர் அவளிடம் தணிந்த குரலில் பேசினார். “மேடம், சத்தியமா நான் அந்த ஆளை ஒரு நாளும் நம்பினதில்ல.”

“அது எனக்குத் தெரியும் டாக்டர். உங்க டோக்கன் அக்கா நம்பினாங்க, ஏமாந்தாங்க. அதை மன்னிக்கலாம். நீங்க நம்பாமலேயே ரூம் குடுத்தீங்க. உங்களுக்கு என்ன பேரு வைக்கிறதுன்னுதான் யோசிச்சிட்டிருக்கேன்.”

ஆஸ்பத்திரிக்குப் பூட்டு விழுந்தது. எல்லாம் சரிசெய்த பிறகு திறக்கலாம் என்று உத்தரவு. பெரிய டாக்டர் வீடு வீடாகப் போய், தடுப்பூசி போட்ட குழந்தைகளை மறுபடி கொண்டுவரச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். சில வீடுகளில் உட்காரச் சொன்னார்கள். பல வீடுகளில் சொல்லவில்லை. கைராசியார் காவல் நிலையத்துக்குப் போனார். அங்கே பூட்டைத் தொட்டுப் பார்த்ததாகவும் அது திறக்கவில்லை என்றும் கேள்வி.

பாப்பா பிழைத்துக்கொண்டாள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்கள். அவளுடைய அப்பன் பட்டறையிலிருந்து அப்படியே ஓடிவந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். டோக்கன் அக்கா அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது.

“நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணுங்க. பெத்தவ நான், என் கையை நான் நம்பல. விளையாட்டுச் சாமானை நம்பிட்டேன்.” அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவன் பிள்ளையின் மணிக்கட்டிலிருந்த நாடாக்களை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தான். “கையைக் குடு” என்றான். அவள் கையை இழுத்துப் பாப்பாவின் நெற்றியில் வைத்தான். “இப்ப சொல்லு. எப்படி இருக்கு?”

“வேர்த்து, ஜில்லுன்னு இருக்குங்க.”

“அவ்வளவுதான். இதுக்கு எதுக்குடி பட்டுப் பை?”

ஆஸ்பத்திரி மறுபடி திறந்த அன்று ஃபிரிட்ஜ் குளிர்ந்தது, சிலிண்டர் புதுசு, ஸ்டிக்கர் ஒன்றுகூட இல்லை. ஊசி அறையில் ஊசி போட்டார்கள். டோக்கன் அக்கா மேசையில் இருந்தாள். வேலையை விட்டுவிடத்தான் நினைத்தாள். ஜனங்கள் யார் குரலைக் கேட்டு ஏமாந்தார்களோ அவளே உட்கார்ந்து உண்மையைச் சொல்லட்டும் என்று புருஷன்தான் அனுப்பிவைத்தான்.

வரிசையும் வந்திருந்தது. செருப்புக் கடை வரைக்கும். அவளுக்கு மனம் நிறைந்துவிட்டது. ஜனங்கள் திருந்திவிட்டார்கள், டாக்டரைப் பார்க்க வந்திருக்கிறார்கள்!

முதல் ஆள் மூட்டுவலிக்காரர். மேசைமேல் குனிந்து, காதோடு காதாகக் கேட்டார்.

“அக்கா, அந்த வெள்ளைத் துப்பாக்கியை என் முழங்கால்ல ஒரு தடவை வச்சு எடேன். சாகக் கிடந்த புள்ளையையே அதுதான் காப்பாத்துச்சாமே? நல்ல ராசியான துப்பாக்கின்னு ஊரெல்லாம் பேச்சு.”

பின்னால் நின்றவர்கள் எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

டோக்கன் அக்கா வெள்ளைத் துப்பாக்கியை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிறகு அவரை உட்காரவைத்தாள்.

“பெரியவரே, இது காய்ச்சலைப் பார்க்கும், போக்காது. மூட்டுக்கு உள்ள டாக்டர் இருக்காரு, போய்க் காட்டுங்க. அவர் சொல்றதையும் சும்மா தலையாட்டிட்டு வராதீங்க. எதுக்கு இந்த மருந்து, என்ன செய்யும், குணமாச்சுன்னு எப்படித் தெரியும்னு கேளுங்க.”

“கேக்கலாமா? கோவிச்சுக்க மாட்டாரா?”

“கோவிச்சுக்கிட்டா அந்த ஆளையும் நம்பாதீங்க. தாராளமா கேளுங்க. டாக்டரைப் பார்க்கத்தான் டோக்கன் வேணும். கேள்வி கேக்க டோக்கன் வேண்டாம், வரிசையும் வேண்டாம்.”

வரிசை இல்லை என்றதும் ஜனங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கூட்டம் இல்லாத இடத்தில் என்ன பலன் இருந்துவிடப் போகிறது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இன்றைக்கும் கேள்வி கேட்கிறவர் நிற்கவேண்டிய அந்த இடம் காலியாகத்தான் கிடக்கிறது. உங்கள் தோளுக்குமேல் இருப்பது பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு மட்டும் அல்ல என்று உங்களுக்குத் தோன்றினால், முதல் ஆளாக வந்து நிற்கலாம்.